வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்து தானாகவே நின்றுவிட்டது: மேற்கொண்டு யாரிடம் காட்ட வேண்டும்?

நொய்யல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 56. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறேன். இருபது வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். தொடக்கத்தில் பல ஆண்டுகள் சாயத்தூளை நிறுத்துக் கரைத்துக் கொடுக்கும் அறையில் இருந்தேன்; இப்போது இயந்திரங்களை மேற்பார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். சர்க்கரை நோய் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிட்டு வருகிறேன். அதுவரை பீடியும் சிகரெட்டும் உண்டு; அதன் பிறகு தொடவில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சிறுநீர் தொடக்கம் முதல் முடிவு வரை சிவப்பாகப் போயிற்று. நிறத்தைப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்வதே என் பிழைப்பு என்பதால், அது தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் வரும் அடர்மஞ்சள் அல்ல என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பீங்கானின் ஓரத்தில் நூல் துணுக்குகளைப் போல இரண்டு சிறிய சிவப்புக் கட்டிகள் ஒட்டியிருந்தன. தண்ணீர் ஊற்றியபோது அவை கரையாமல் அப்படியே நகர்ந்து போயின. எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, விலாவிலோ அடிவயிற்றிலோ வலியும் இல்லை. அன்று மாலை வரை அதே நிறம் நீடித்தது. மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் வழக்கம்போல் தெளிந்துவிட்டது. முந்தைய நாள் பீட்ரூட் சாப்பிடவில்லை.

வீட்டில் உடல் சூடுதான் என்றார்கள். பட்டறைக்குள் நாள் முழுவதும் நீராவியில் நிற்பவனுக்குச் சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்று இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், நெருஞ்சில் கஷாயம் எல்லாம் கொடுத்தார்கள். பக்கத்து கிளினிக் மருத்துவர் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்று ஐந்து நாட்களுக்கு மாத்திரை எழுதினார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி வருவதுண்டு என்றும் சொன்னார். மாத்திரை முடிந்த பிறகு எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. வயிற்று ஸ்கேனில் கல் இல்லை, சிறுநீர்ப்பை இயல்பு, புராஸ்டேட் சற்றுப் பெரிது என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் குனிந்து நிறத்தைப் பார்க்காமல் வர முடியவில்லை. இதை இத்துடன் விட்டுவிடலாமா, அல்லது வேறு மருத்துவரிடம் போக வேண்டுமா? போவதானால் யாரிடம் போய் என்ன சொல்வது? ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செவிலியர் அம்மா (பணி நிறைவு):

தம்பி, இதை இத்துடன் விடக் கூடாது. யூராலஜி (சிறுநீரியல்) மருத்துவரிடம் இந்த வாரமோ அடுத்த வாரமோ காட்டிவிட வேண்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை இப்போது இல்லை. ஆனால் மறுபடியும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் இடமில்லை. நான் அரசு மருத்துவமனையில் அறுவைப் பிரிவிலும் சிறுநீரியல் பிரிவிலும் பணி செய்தவள். மருத்துவர் அல்ல. எங்கள் வார்டில் பார்த்ததையும், மருத்துவர்கள் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னதையும் வைத்தே எழுதுகிறேன்.

வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல் இறங்கும்போது விலாவிலிருந்து தொடைச்சந்து வரை பிடுங்கி எடுக்கும். தொற்று என்றால் எரிச்சலும், அடிக்கடி போக வேண்டும் என்ற உந்துதலும், சிலருக்குக் குளிர்க்காய்ச்சலும் இருக்கும். இவை ஒன்றும் இல்லாமல் ரத்தம் மட்டும் வந்தால், சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ வளர்ச்சி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதுதான் முதல் வேலை. சிறுநீர்ப்பைக் கட்டிகள் விட்டுவிட்டு ரத்தம் கசியும் இயல்புடையவை. இரண்டு நாள் கசிந்து, எந்த மருந்தும் இல்லாமலேயே நின்று, மாதக்கணக்கில் தெளிவாக இருந்து, மீண்டும் வரும். நடுவில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதனால்தான் நின்றது என்று தோன்றும். உங்களுக்கு மாத்திரையில் நின்றதா, கஷாயத்தில் நின்றதா, தானாக நின்றதா என்பதை இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாத்திரை தொடங்கும் முன் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்களா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் தொற்று இருந்தது என்பதற்கே சான்று இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. புராஸ்டேட் வீக்கம், கல், தொற்று என்று வேறு காரணம் தெரிய வரும். சிலருக்குக் காரணமே அகப்படாது. ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் புற்றுநோய் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், பிரிட்டனில் 45 வயதைத் தாண்டியவருக்குத் தொற்று இல்லாமல் இப்படி ஒரே ஒரு முறை வந்தாலும் விரைவுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறார்கள். உங்களுக்கு வயது 56.

ஆஸ்பிரினைப் பற்றி. அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துமே தவிர, பழுதில்லாத இடத்தில் புதிதாக ஓட்டை போடாது. ஏற்கெனவே கசியக்கூடிய ஓரிடம் இருந்தால் அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் மற்றவர்களைப் போலவே முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறையே சொல்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் பயத்தில் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது உங்கள் தொழிலைப் பற்றி. நீங்கள் கேள்வியில் தற்செயலாகக் குறிப்பிட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். 1895இலேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், பிராங்பர்ட் பகுதியில் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை எடுத்துக் காட்டினார். பிற்காலத்தில் பென்சிடின், பீட்டா நாப்தைலமின் போன்ற அரோமேட்டிக் அமின்கள் என்னும் வேதிப்பொருள்களே இதற்குக் காரணம் என்று உறுதியாயிற்று. இவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று, கல்லீரலில் மாற்றமடைந்து, சிறுநீரோடு பையில் மணிக்கணக்காகத் தங்கி அதன் உட்சுவரைக் கெடுக்கின்றன. பாதிப்பு தெரிய இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். 1990களில் ஜெர்மனி அத்தகைய அமின்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்குத் தடை விதித்த பிறகுதான் ஏற்றுமதியை நம்பியிருந்த பட்டறைகளில் சாய வகைகள் மாறத் தொடங்கின. இந்தியாவும் அதே காலத்தில் பலவற்றைத் தடை செய்தது. நீங்கள் தூள் அறையில் நின்ற முதல் ஆண்டுகள் அதற்கு முற்பட்டவை என்று உங்கள் வயதைக் கொண்டு கணக்கிடுகிறேன். அப்போது என்னென்ன தூளை நிறுத்தீர்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த வேலையில் இருந்தேன் என்ற ஒரு வரியே மருத்துவரின் முடிவை மாற்றக்கூடியது. புகையிலைப் புகையிலும் இதே குடும்பத்து அமின்கள் உண்டு. பீடியை விட்டது மிக நல்லது. ஆனால் இத்தனை ஆண்டு பிடித்தேன் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மருத்துவர் கேட்கும் முன்பே சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்தம் தொடக்கத்தில் மட்டும் வந்ததா, கடைசியில் சொட்டியதா, முழுவதும் கலந்து வந்ததா என்பதிலிருந்தே எந்த இடம் என்று அவர்கள் ஊகிப்பார்கள். உங்களுக்கு முழுவதும் கலந்து வந்தது. ரத்தக்கட்டிகள் வந்ததையும் அவற்றின் வடிவத்தையும் சொல்லுங்கள். மீண்டும் வந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. ரத்தக்கட்டிகள் அடைத்துச் சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காமல் போய் மயக்கம் வந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு அருகில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரியல் துறை இருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

ஆய்வகத்திலிருந்து:

அம்மா விரிவாக எழுதிவிட்டார். நான் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனெனில் "ஒன்றும் இல்லை" என்ற அந்தத் தாளை நம்பித்தான் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில், அந்த மாதிரி எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். நிறம் தெளிந்து, மாத்திரையும் முடிந்த பிறகு எடுத்தது. அன்றைய சிறுநீரில் ரத்தம் இல்லை என்று மட்டுமே அது சொல்லும். சிவப்பாகப் போன நாளில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அடுத்து, வெறும் ஸ்ட்ரிப்பை (நிறம் மாறும் சோதனைப் பட்டையை) நனைத்துப் பார்த்தார்களா, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கவனியுங்கள். ஸ்ட்ரிப் ரத்தத்தின் நிறமிக்குத்தான் பதில் சொல்லும். கடுமையான தசைச் சிதைவில் வெளிவரும் மயோகுளோபின் என்ற தசை நிறமிக்கும் அதே பச்சைப் புள்ளி வந்துவிடும். வைட்டமின் சி மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டவருக்கு ரத்தம் இருந்தும் வராமல் போகலாம். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் தெரிந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அறிக்கையில் "ஆர்.பி.சி." (சிவப்பணு) என்ற வரிக்கு எதிரே எண் எதுவும் இல்லாமல் வெறும் கோடு போட்டிருந்தால், பார்க்கவே இல்லையோ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

சிவப்புச் சிறுநீர் வந்தால் நாங்கள் செய்யும் எளிய வேலை ஒன்று உண்டு. குழாயில் ஊற்றிச் சுழற்றும் இயந்திரத்தில் வைப்போம். அடியில் சிவப்பு வண்டலாகப் படிந்து மேலே தெளிந்தால் அது ரத்த அணுக்கள். சுழற்றிய பின்னும் மேல்நீர் சிவப்பாகவே நின்றால் அது பீட்ரூட் நிறமாகவோ, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறமாகவோ, அணுக்கள் உடைந்து வெளிவந்த நிறமியாகவோ இருக்கும். உங்களுக்கு ரத்தக்கட்டிகளே வந்திருப்பதால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, நிறமி கட்டியாகாது.

மறுபடி மாதிரி கொடுக்கும்போது நடுச்சிறுநீரைப் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் காலையில் பிடித்து மதியம் கொண்டு வந்தால் அணுக்கள் கரைந்து காணாமல் போயிருக்கும். சைட்டாலஜி எனப்படும் உயிரணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், அதற்கு விடியற்காலை முதல் சிறுநீர் வேண்டாம். இரவு முழுவதும் பையில் ஊறிய அணுக்கள் சிதைந்திருக்கும் என்பதால் அடுத்த முறை போவதைப் பிடிக்க வேண்டும். சைட்டாலஜியில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் கட்டி இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. வீரியம் குறைந்த கட்டிகளின் அணுக்கள் பார்ப்பதற்கு இயல்பானவை போலவே இருக்கும்.

புரதமும் சேர்ந்து போகிறதா, சிவப்பணுக்கள் நெளிந்து உருமாறியிருக்கின்றனவா என்பதையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் கோளாறு சிறுநீரகத்தின் வடிகட்டியில். அது நெஃப்ராலஜி (சிறுநீரக நோய்) மருத்துவரின் வேலை. தொண்டைவலி வந்த ஓரிரு நாளில் கறுத்த தேநீர் நிறத்தில் போகும் இளைஞர்களுக்கு அதைத்தான் முதலில் தேடுவோம்.

பழனிப் பாதை:

எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு வயது 34. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்ச் சேர்ந்த அன்று இரவு சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. ஒரு தனியார் மருத்துவமனையில் அத்தனை பரிசோதனைகளும் செய்து, பெருந்தொகை வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்றும் இல்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பினார்கள். அதன் பிறகு வரவே இல்லை. எல்லா ரத்தமும் புற்றுநோய் அல்ல. பணம் பறிக்கும் இடங்களும் இருக்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

செவிலியர் அம்மா (பணி நிறைவு):

பழனிப் பாதை அவர்களே, நீங்கள் சொல்வது உண்மைதான். நெடுந்தூரம் நடந்தாலோ ஓடினாலோ ரத்தம் வந்து இரண்டு மூன்று நாட்களில் நின்றுபோவது மருத்துவ நூல்களிலேயே உள்ள செய்தி. ஆனால் 34 வயதில், நாள் கணக்காக நடந்து முடித்த இரவில் வந்ததும், 56 வயதில், முன்பு புகைபிடித்த ஒரு சாயத் தொழிலாளிக்குச் சும்மா இருக்கும்போது ரத்தக்கட்டியோடு வந்ததும் ஒன்றல்ல. "ஒன்றும் இல்லை" என்று அவர்கள் உங்களுக்குச் சொன்னது பார்த்த பிறகு. இவருக்கு இன்னும் உள்ளே யாரும் பார்க்கவில்லை. செலவைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அதனால்தான் அரசு மருத்துவமனையைச் சொன்னேன்.

பவானிக்காரர்:

நொய்யல்வாசி ஐயா, எனக்கு 61 வயது. லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன், நெடுங்காலம் பீடி பிடித்தவன். உங்களைப் போலவேதான் எனக்கும் தொடங்கிற்று. வயிற்று ஸ்கேனில் எனக்கும் சிறுநீர்ப்பை இயல்பு என்றுதான் எழுதியிருந்தார்கள். யூராலஜி மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, பை நன்றாக நிரம்பாமல் எடுத்த ஸ்கேன் பையைப் பற்றி அதிகம் சொல்லாது என்றும், நிரம்பியிருந்தாலும் மிகச் சிறிய கட்டியும் சுவரோடு தட்டையாகப் படர்ந்திருப்பதும் அதில் தப்பிவிடும் என்றும் சொன்னார். சிறுநீரகத்தையும் குழாய்களையும் பார்க்க சி.டி. யூரோகிராம், பையைப் பார்க்க சிஸ்டோஸ்கோபி, இரண்டும் வேண்டும் என்றார். சி.டி.யில் ஏற்றும் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால், முன்கூட்டியே கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள். முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததுண்டா என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

சிஸ்டோஸ்கோபி என்ற பெயரைக் கேட்டே பலர் ஓடிவிடுகிறார்கள் என்பதால் அதை விவரமாக எழுதுகிறேன். எனக்கு மயக்க மருந்து கொடுக்கவில்லை. மல்லாந்து படுக்க வைத்து, சுத்தம் செய்து, மரத்துப்போகும் ஜெல்லியைச் சிறுநீர்த் துவாரத்தின் வழியாகச் செலுத்திச் சில நிமிடங்கள் காத்திருந்தார்கள். பிறகு வளையக்கூடிய மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். புராஸ்டேட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு அழுத்தம், இப்போதே போய்விடும் போன்ற உணர்வு. மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். உள்ளே உப்புநீர் நிரம்ப நிரம்ப முழுப் பையோடு பேருந்தில் உட்கார்ந்திருக்கும் அவஸ்தைதான். தலையைத் திருப்பினால் திரையில் எல்லாம் தெரிந்தது. வெளிர்சிவப்புச் சுவர், அதில் மெல்லிய ரத்தக் குழாய்கள், இடப்பக்கத்தில் சிறிய காம்போடு நீரில் அசைந்துகொண்டிருந்த ஒரு வளர்ச்சி. மருத்துவர் சொல்லும் முன்பே எனக்கு அது புரிந்துவிட்டது. பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றும் மறுநாளும் போகும்போது எரிச்சலும் லேசான சிவப்பும் இருந்தன. தண்ணீர் குடிக்கக் குடிக்கச் சரியாயிற்று. இன்னும் சில இடங்களில் வளையாத குழாயைக் கொண்டு பார்க்கிறார்கள். அப்படியானால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்து ஒரு நாள் தங்க வேண்டி வரலாம்.

பிறகு அந்த வளர்ச்சியை உள்வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். வயிற்றில் வெட்டு இல்லை. சதைப் பரிசோதனையில் புற்றுநோய்தான், ஆனால் பையின் தசைச் சுவருக்குள் இறங்கவில்லை என்று வந்தது. கண்டுபிடிக்கும்போது பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன என்றார் மருத்துவர். வாரம் ஒன்றாக ஆறு வாரம் பைக்குள் பி.சி.ஜி. மருந்து செலுத்தினார்கள். பிறந்த குழந்தைக்கு இடக்கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே வலுவிழந்த கிருமிதான். பையின் சுவரில் எதிர்ப்பைக் கிளப்பிவிட்டு மிச்சம் மீதியை அழிக்கிறதாம். உள்ளே இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போகும் ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் ஊற்றிச் சற்று நேரம் விட்டுக் கழுவ வேண்டும் என்றார்கள். என் மனைவி அதற்கென்றே ஒரு வாளியைத் தனியாக வைத்திருந்தாள். இந்தக் கட்டிகள் திரும்ப வரக்கூடியவை என்பதால் மூன்றாம் மாதத்தில் மீண்டும் உள்ளே பார்த்தார்கள். இன்னமும் குறித்த நாளில் போய்க் காட்டி வருகிறேன். பட்டறைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்கும் இதேதான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. உள்ளே பார்ப்பது தாங்க முடியாத வேலை அல்ல என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன்.

மகள் எழுதுகிறேன்:

பெண்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆன என் அம்மாவுக்கு ரத்தம் தெரிந்தபோது, அது சிறுநீரில் வருகிறதா, கர்ப்பப்பை வழியாக வருகிறதா என்று பிரித்துப் பார்க்காமலேயே சிறுநீர்த் தொற்று என்று ஒரு மருத்துவமனையில் திரும்பத் திரும்ப மாத்திரை கொடுத்தார்கள். ஒரு முறைகூடக் கல்ச்சர் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் மருத்துவர்தான் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று இரண்டு இடங்களுக்கும் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குச் சிறுநீர்ப்பையில் கல் இருந்தது, எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு நீர்க்கடுப்பு சாதாரணம் என்பதாலேயே மற்றக் காரணங்களைத் தேடுவது தள்ளிப்போகிறது. இரண்டாவது முறையும் கல்ச்சர் இல்லாமல் மாத்திரை எழுதினால் காரணத்தைக் கேளுங்கள்.

நொய்யல்வாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கோவைக்குப் போய் வந்தேன். வரிசையில் வெகுநேரம் நின்றேன். ஆனால் மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். அம்மா சொன்னபடி தூள் அறையைப் பற்றி முதலிலேயே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கையுறை போட்டீர்களா, தூள் எந்த நிறங்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் கையுறை எங்கே இருந்தது? மாலையில் கை கழுவினால் கடைசிவரை தண்ணீர் நிறமாகத்தான் போகும். அதையும் குறித்துக்கொண்டார். என்னுடன் அந்த அறையில் இருந்த இன்னும் இரண்டு பேர் இப்போதும் ஊரில் இருக்கிறார்கள் என்றேன். அவர்களையும் ஒரு முறை சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த சிறுநீரிலேயே எட்டு முதல் பத்துச் சிவப்பணுக்கள் இருப்பதாக அங்கே மைக்ராஸ்கோப்பில் வந்திருக்கிறது. கல்ச்சரில் கிருமி இல்லை. சி.டி. எடுத்தாயிற்று; சிறுநீரகங்களிலும் குழாய்களிலும் ஒன்றும் இல்லை, பையின் ஒரு பக்கத்தில் சுவர் சற்றுத் தடித்திருக்கலாம், உள்ளே பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை சிஸ்டோஸ்கோபிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் அப்போதே சுரண்டி எடுத்துவிடும்படி முதுகு ஊசியுடன் செய்வார்களாம். நாள் குறித்துக் கொடுத்தவரிடம் ஆஸ்பிரினைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். அதை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்? பக்கத்து மருந்துக்கடையில் ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள்.

செவிலியர் அம்மா (பணி நிறைவு):

மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டு நிறுத்தாதீர்கள் தம்பி. வெறுமனே உள்ளே பார்ப்பதற்கு ஆஸ்பிரினை நிறுத்தவே தேவையில்லை. சுரண்டி எடுப்பதாக இருந்தாலும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின் 75ஐத் தொடர்ந்துகொண்டே செய்வதுதான் பல இடங்களில் வழக்கம்; முதுகு ஊசிக்கும் அந்த அளவு ஆஸ்பிரின் தடையாகாது. ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல் சேர்ந்த மாத்திரையாக இருந்தால் கணக்கு வேறு. சில நாட்கள் முன்பே முடிவெடுக்க வேண்டும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதுண்டு. அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். நாளை காலை இதய மருத்துவரிடம் ஸ்டென்ட் வைத்த தேதியுள்ள தாளைக் காட்டி, நிறுத்தலாமா கூடாதா என்று அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு, அதை யூராலஜி பிரிவிலும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் காட்டுங்கள். மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெயரை வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது மேல். வியாழக்கிழமை துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். சுரண்டி எடுத்தால் ஓரிரு நாள் சிறுநீர் டியூப் இருக்கும், அதோடு வெளியே மாட்டியிருக்கும் பையில் விழும் நீர் முதலில் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் கலங்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். சதைப் பரிசோதனை முடிவு வந்ததும் தசைச் சுவர் அந்தச் சதையில் சேர்ந்து வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது வராவிட்டால் இன்னொரு முறை எடுக்க நேரிடலாம்.